டிக் போட ஒரு சின்னப் பெட்டி: கோத்தகிரியில் ஆறு வருட லிப்ரே ஆபிஸ் அனுபவம்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பசுந்தேயிலைக்கு விலை கேட்டு மனு, பட்டா மாறுதல் விண்ணப்பம், சங்கக் கூட்டத் தீர்மானம் என்று நாள் ஓடும். முக்கால்வாசி தமிழ், நடுநடுவே ஆங்கிலம். ஆறு வருடமாக எல்லாம் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில், அதன் எழுத்து வேலைக்கான ரைட்டரில்தான்.

என்னை அதிகம் படுத்தியது ஃபாண்ட். பத்தியின் ஸ்டைலில் எழுத்தளவை 12-லிருந்து 14 ஆக்கினேன். ஆங்கிலம் பெரிதாகிவிட்டது, தமிழ் அசையவே இல்லை. ஃபாண்ட் கெட்டுவிட்டதென்று நினைத்து இறக்கி ஏற்றி இரண்டு நாளை வீணாக்கினேன். விஷயம் வேறு எங்கோ இருந்தது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புகள் என்று உள்ளே போனால் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்று ஒரு பெட்டி. அதில் டிக் போட்ட பிறகுதான் தமிழுக்குத் தனி ஃபாண்ட் பகுதி கண்ணில் பட்டது.

பெயரில் தப்பில்லை. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டுமே, மென்பொருளுக்கு அது சிக்கலான எழுத்துதான். ஆனால் தமிழ் ஃபாண்டைத் தேடி வருகிறவர் தன் எழுத்தைச் 'சிக்கலான எழுத்து' என்று ஏன் தேடப்போகிறார்? பக்கத்திலேயே 'தமிழ், இந்தி, அரபு முதலியவற்றுக்கு' என்று ஒரு வரி இருந்தால் போதும். என் பெரிய குறை வேறு. டிக் இல்லாதபோது அந்தப் பகுதி மங்கலாகக்கூடத் தெரியாது, அப்படியே மறைந்துவிடும். மிச்சமிருக்கும் ஃபாண்ட் பெட்டியைப் பார்த்தால் அதுவே எல்லாவற்றுக்கும் என்றுதான் தோன்றும். மங்கலாகத் தெரிந்திருந்தால் 'இதை எங்கே திறப்பது' என்றாவது கேட்டிருப்பேன்.

அடுத்தது, அடிப்பதைத் தானாகவே திருத்தும் ஆட்டோகரெக்ட். ஆங்கில மனு ஒன்றில் சர்வே எண் 1/2 என்று அடித்தேன். அது ½ ஆகிவிட்டது! ஆங்கில மாற்றுப் பட்டியலில் அப்படி ஒரு வரி இருக்கிறது. நிறுத்தலாம் என்று ஆட்டோகரெக்டின் ஆப்ஷன்ஸ் பக்கம் போனால், அங்கே ஒவ்வொரு விருப்பத்துக்கும் இரண்டு டிக் பெட்டிகள், தலைப்பில் எம், டி என்று ஒற்றை எழுத்து. ஏற்கெனவே அடித்ததைத் திருத்தும்போது என்பது எம், அடிக்கும்போதே என்பது டி. விளக்கம் சாளரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. கடைக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் டிக்கை எடுக்கச் சொன்னேன். "எடுத்துட்டேன் அக்கா, மறுபடியும் மாறுதே" என்றாள். எம் பக்கம் எடுத்திருந்தாள். அவளைச் சொல்லி என்ன செய்ய? உடனே கன்ட்ரோல் இசட் அடித்தால் 1/2 திரும்பிவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன், இப்போது அப்படித்தான் ஓட்டுகிறோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து கரன்ட் போவது இங்கே சாதாரணம். கரன்ட் போனாலும் வேலையை மீட்டுத் தரும் ஆட்டோ ரெக்கவரி ஆரம்பத்திலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஓடிக்கொண்டிருக்கும். நான் 3 ஆக்கிவைத்தேன். நிமிடம் கேட்கும் பெட்டி அதே வரியிலேயே இருப்பதால் எது எதற்கு என்று யோசிக்க வேண்டியதில்லை. ஆவணத்தையும் சேர்த்துச் சேமிக்கவா என்ற துணை விருப்பம் அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிறது, தாயும் பிள்ளையும் மாதிரி. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய நகலை வைத்துக்கொள்ளும் பெட்டி மட்டும் 2024-க்கு முந்தைய பதிப்புகளில் ஆரம்பத்தில் டிக் இல்லாமல் இருந்தது. கடை வைத்திருப்பவர்கள் டிக் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

இன்சர்ட் கீயில் விரல் பட்டு, அடிப்பது பழைய எழுத்தின் மேலேயே விழ, ஒரு பாதி வரியை நானே தின்றிருக்கிறேன். அப்போதும் கீழ்ப்பட்டையில் 'ஓவர்ரைட்' என்று காட்டியது, கர்சரும் கட்டையாக மாறியிருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

போன மாதம் இரண்டாவது கணினி வாங்கினேன். பிரிண்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அந்தச் 'சிக்கலான எழுத்து' பெட்டியைத்தான் தேடிப் போனேன். டிக் இல்லை.