மை சிஸ்டர்ஸ் கீப்பர்: முடிவுதான் கெடுத்தது

நோயாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் மற்றப் பிள்ளைகளை யாரும் விசாரிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் படுத்திருப்பவரைத்தான் கேட்பார்கள், மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பியை இல்லை. ஜோடி பீகோவின் இந்த நாவல் அந்த மூலைப் பிள்ளைகளின் கதை, அதனால்தான் 2004-இல் வந்த புத்தகத்தைப் பற்றி இப்போதும் எழுதத் தோன்றுகிறது.

கதை அமெரிக்காவில், ரோட் ஐலண்டில் நடக்கிறது. கேட் என்ற சிறுமிக்கு இரண்டு வயதிலேயே ரத்தப் புற்றுநோய். அண்ணன் ஜெஸ்ஸியின் திசு பொருந்தவில்லை. சரி என்று, பொருந்தும் கருவை ஆய்வுக்கூடத்திலேயே தேர்ந்தெடுத்து இன்னொரு பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறார்கள். அவள்தான் ஆனா. பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தம், அப்புறம் வெள்ளணுக்கள், அப்புறம் எலும்பு மஜ்ஜை என்று அக்காவுக்குக் கொடுத்துக் கொடுத்தே வளர்கிறாள். 13 வயதில் சிறுநீரகமும் வேண்டும் என்றதும், என் உடம்புக்கு நான்தான் முடிவெடுப்பேன் என்று பெற்றோர் மேலேயே வழக்குப் போடுகிறாள். இங்கே மலேசியாவில் 18 ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று பழகிப்போன நமக்கு இதைப் படிக்கும்போதே திக்கென்கிறது.

வக்கீலுக்குப் பணம்? மஜ்ஜை கொடுத்ததற்கு அப்பா வாங்கித் தந்த தங்க லாக்கெட்டைக் கழற்றி அடகுக் கடையில் நீட்டுகிறாள். அடகுக் கடைப் படி ஏறிய எந்தக் குடும்பத்துக்கும் அந்த இடம் சுருக்கென்று குத்தும்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஆனா இல்லை, அம்மா சாரா. வக்கீலாக இருந்தவள், இந்த வழக்கில் தானே நின்று தன் மகளுக்கு எதிராக வாதாடுகிறாள். மற்றவர்கள் நிகழ்காலத்தில் பேச, அவளுடைய அத்தியாயங்கள் மட்டும் 1990-இல், சின்னக் கேட்டின் முதுகில் நீலம் பாய்ந்த கன்றல்களைப் பார்த்த நாளிலிருந்து தொடங்குகின்றன. ஆனா ஹாக்கி முகாமுக்குப் போக முடியாது, ஏனென்றால் கேட்டுக்கு எப்போது என்ன ஆகுமோ. ஜெஸ்ஸி இரவில் எங்கே போகிறான் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. சாராவுக்கு இது தெரியாமலில்லை, தெரிந்தும் கண் அந்த ஒரு கட்டிலை விட்டு நகர மாட்டேன் என்கிறது. தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கரும்புத் தொட்டில் சுமந்து ஏறுகிற தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவளைத் திட்ட அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. நான் திட்டினேன், ஆனால் பாதிப் புத்தகத்துக்கு மேல் முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆனாவின் வக்கீல் கேம்ப்பெலுக்கும், ஆனாவின் நலனைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த ஜூலியாவுக்கும் நடுவில் ஒரு பழைய காதல், அது வேறு ஏதோ புத்தகத்திலிருந்து தப்பி வந்ததுபோல இருக்கிறது. கூடவே கூட்டிக்கொண்டு திரியும் நாய் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கேம்ப்பெல் புதுப்புதுப் பொய் சொல்வது மட்டும் சிரிப்பு. அப்பா தீயணைப்பு வீரராக இருக்க, மகன் ஜெஸ்ஸி தீ வைத்துக்கொண்டு திரிவதற்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது! ஆனால் அவனுக்குக் கிடைத்த பக்கங்கள் கொஞ்சம்தான்.

முடிவைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். தீர்ப்பு ஆனாவுக்குச் சாதகமாக வந்த கையோடு ஒரு கார் விபத்தில் அவள் போய்விட, அவளுடைய சிறுநீரகம் கடைசியில் கேட்டுக்கே போகிறது. நானூறு பக்கம் சுற்றிச் சுற்றிக் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாமல் போய்விட்டது. ஆசிரியர் நழுவிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. 2009-இல் வந்த படத்தில் முடிவை மாற்றிவிட்டார்கள், அதில் கேட்தான் இறக்கிறாள். அது சாதாரண முடிவுதான், ஆனாலும் எனக்கு அதுவே நியாயமாகத் தெரிந்தது.

ஆங்கிலம் எளிது, அத்தியாயங்கள் சின்னவை, ஆளுக்கொரு குரல். எனக்குப் பினாங்குச் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில், பழைய புத்தகக் கடையில் 15 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. அங்கே கொஞ்சம் பேரம் பேசலாம். பிள்ளையை வார்டில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு மட்டும் ஆறுதலாக இருக்குமே என்று இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.