பைக்ராப்ட்ஸ் ரோடு பழைய புக்கு கடை: கடைசி ஃபாரம் (பக்கக் கட்டு) இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க

ரெண்டு வருஷம் கழிச்சு போன ஞாயித்துக்கிழமை திருவல்லிக்கேணி பக்கம் போனேன். பாரதி சாலைன்னு பேர் மாத்தி எவ்ளோ காலம் ஆச்சு, ஆட்டோக்காரர்கிட்ட இன்னும் பைக்ராப்ட்ஸ் ரோடுன்னு தான் வாய்ல வருது, அவரும் அதையே தான் சொல்றாரு. ஷட்டர் எறக்கின கடைங்க வாசல்ல, பிளாட்பாரத்துல விரிச்சு பழைய புக்கு போடுவாங்களே, அந்த எடம் தான்.

மொதல்லயே சொல்லிடறேன், முக்காவாசி எஞ்சினியரிங் புக்கும் நீட் கைடும் தான். தமிழ் கதை புக்கு வேணும்னா உக்காந்து அடி அடுக்குல கைய விடணும், தூசி அலர்ஜி இருக்கறவங்க மாஸ்க் போட்டுக்கோங்க, முட்டி வலி இருக்கறவங்க யாரையாவது கூட கூட்டிட்டு போங்க. காலைல எட்டரைக்குள்ள போயிட்டா வெயில் கம்மி, ஆனா பாதி கடை மூட்டையே பிரிச்சிருக்காது. நான் ரத்னா கஃபேல சாம்பார்ல இட்லிய முக்கி எடுத்துட்டு பொறுமையா ஒன்பதரைக்கு தான் போனேன்.

நான் எப்பவும் வாங்கறது ஒரு பெரியவர்கிட்ட. அவங்க அப்பா காலத்துல மூர் மார்க்கெட்ல கடையாம், 1985ல அது எரிஞ்சப்போ எல்லாம் போச்சாம். சென்ட்ரல் புறநகர் ஸ்டேஷன் பக்கம் போறப்பல்லாம் 'இங்க தான்டா எங்க கடை'ன்னு ரயிலு நிக்கற எடத்தை காட்டுவாராம். அவர் பேசறதை கேக்கறதுக்கே பத்து ரூபா கூட கொடுக்கலாம். நான் ஒரு புக்க திருப்பி திருப்பி பாத்துட்டே இருந்தேன், 'இன்னா நைனா, தொட்டுத் தொட்டுப் பாத்துகினே கீற, இன்னும் போணி ஆவல, துட்ட எடு'ன்னாரு. போணின்ற வார்த்தைய கேட்டே எத்தினி நாளாச்சு!

மூணு ஐட்டம் வாங்கினேன். மொதல்ல, வாரப் பத்திரிகைல வந்த தொடர்கதைய வாரா வாரம் கிழிச்சு சேத்து யாரோ வீட்ல பைண்ட் பண்ணி வெச்சிருந்த வால்யூம், 120 ரூபா. இந்த மாதிரி பைண்டிங் எங்க பாட்டி வீட்ல பரண் பூரா கெடந்தது, பாட்டி செத்தப்புறம் எடைக்கு போட்டுட்டாங்க, அதுல நானும் ஒரு மூட்டை தூக்கிட்டு போனவன் தான். இதுல கதைய விட பின்பக்கம் வர்ற விளம்பரமும் அரைகுறையா கிழிஞ்ச ஜோக்கும் தான் சொகம். 14ஆம் அத்தியாயத்துக்கு அப்புறம் நேரா 16, நடுவுல பென்சில்ல 'இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தோம்'னு எழுதியிருக்கு. யாரும்மா நீங்க?

அந்த ஜோக்குங்கள்ல ரிக்ஷாக்காரர் வந்தா மட்டும் தான் மெட்ராஸ் பாஷை வருது, இல்லன்னா வீட்டு வேலைக்காரம்மா. 'இன்னா சார் பேஜார் பண்ற'ன்னு ஒரு வரி, அவ்ளோ தான், படிக்கறவங்க சிரிக்கணும். கை ரிக்ஷாவ 1973லயே ஒழிச்சாச்சு, ஜோக்குல மட்டும் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓடிட்டு இருந்துச்சு. ஜெயகாந்தன் மாதிரி சில பேர் தான் அந்த பாஷைய பேசறவங்களோட வீட்டுக்குள்ள போய் எழுதினாங்க.

ரெண்டாவது தமிழ்வாணனோட துப்பறியும் சங்கர்லால் கதை ஒண்ணு, 80 ரூபா. இதுல அப்படியே உல்டா, அடியாள் கூட மேடைப் பேச்சு மாதிரி சுத்தத் தமிழ்ல மிரட்டுவான். சின்ன வயசுல இதெல்லாம் தோணவே இல்ல, இப்ப படிச்சா சிரிப்பு வருது, ஆனா கீழ வைக்க முடியல.

பெரியவர்கிட்ட கேட்டேன், 'ஏண்ணே, இப்பல்லாம் யாரும் கஸ்மாலம்னு திட்டறதே இல்லயே'ன்னு. 'திட்றதுக்கு கூட இப்ப சோம்பேறித்தனம்பா, ஒரே கெட்ட வார்த்தைய வெச்சி நாள் பூரா ஓட்றானுங்க'ன்னாரு. உண்மை தான். கஸ்மாலம் சமஸ்கிருதம், கீதைல ரெண்டாவது அத்தியாயத்துலயே கிருஷ்ணர் அர்ஜுனனைப் பாத்து இந்த 'கச்மலம்' உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறாரு! பேமானி, பேஜார், கலீஜ், நாஷ்டா எல்லாம் உருது வழி, நைனா தெலுங்கு. எங்க செட்டு பேசினதுல எனக்கு ரொம்ப புடிச்சது 'அப்பீட்டு'. பம்பரத்த சாட்டையால சுண்டி மேல தூக்கிப் புடிக்கறது தான் அப்பீட்டு, அதையே நைசா எடத்த காலி பண்றதுக்கும் சொல்லுவோம், 'வாத்தியார் வராரு, அப்பீட்டு ஆயிக்கோ'. என் பையன்கிட்ட சொன்னேன், ஆப்பிளா ஏதாவதான்னு கேட்டான். பம்பரம் விட்டிருந்தா தானே.

இப்ப புகார். மூணாவது ஐட்டம் ஒரு மாத நாவல், 30 ரூபா, அட்டை கெடையாது, உள்ள லெண்டிங் லைப்ரரி சீல் மட்டும் 'பக்கத்தை மடக்காதீர்'னு. பக்கத்தை மடக்கல, கடைசி 16 பக்கத்தையே காணோம், ஒரு ஃபாரம் முழுசா உருவிட்டு வந்திருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு இது தெரிஞ்சா எப்படி இருக்கும். அதனால பின் அடிச்ச புக்கா இருந்தா கடைசி பக்கத்துல 'முற்றும்' இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் காசு கொடுங்க. இந்த ஞாயிறு திரும்ப எடுத்துட்டு போனேன், பெரியவர் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு ரெண்டு பக்கமும் பாத்தாரு, 'கொலகாரன் யாருன்னு தெரிஞ்சிகினு நீ இன்னா, ஜெயில்லயா போடப் போற?'ன்னாரு. சுத்தி நின்ன நாலு பேரும் சிரிச்சிட்டாங்க. காசு வாபஸ் கெடையாது, அதுக்கு பதிலா ஒரு பழைய அம்புலிமாமா கொடுத்தாரு, அது முழுசா இருக்கு, எண்ணிப் பாத்துட்டேன். அவரோட பேரன் 'ப்ரோ, வேற ஏதாவது வேணும்னா ஸ்கேன் பண்ணிக்கோங்க ப்ரோ'ன்னு க்யூஆர் அட்டைய நீட்டினான்.

பேரமெல்லாம் முன்ன மாதிரி நடக்காது, ஃபோன்ல ரேட்டு பாத்துட்டு தான் சொல்றாங்க. பார்க்கிங் சுத்தமா இல்ல, பஸ்லயே போங்க. அஞ்சுக்கு நாலு கொடுக்கறேன்.

அந்த நாவலுக்கு அட்டையும் இல்லாததால தலைப்பே தெரியல. பல்லாவரம் மலை அடிவாரத்துல பொணம் கெடக்கும், வக்கீல் குமாஸ்தா மேல சந்தேகம், மச்சினி ஒருத்தி எதையோ மறைக்கறா. படிச்சவங்க யாராவது இருந்தா கொலகாரன் பேர மட்டும் சொல்லுங்கப்பா.