மஞ்சந்தொடுவாயா, கோவில்குளமா?

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியான அன்று மாலையே கொக்கட்டிச்சோலையிலிருந்து தங்கை பேசினாள். "அண்ணா, மகளுக்குக் கம்பஸ் இல்லை. கொஞ்சப் புள்ளிதான் குறைவு. இனி எங்கே சேர்ப்பது?" வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. இருந்தும் இடம் இல்லை. இந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆண்டுதோறும் இதுதான் நடக்கிறது. தெரிந்த விடயம்தான், சொந்த வீட்டுக்குள் வரும்போது தொண்டை அடைக்கிறது. இளையவனும் சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் சேர்த்தே வழி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறினால், கல்லடிப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மஞ்சந்தொடுவாய். அங்கே அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி. காத்தான்குடியைக் கடந்து ஆரையம்பதிப் பக்கம் போனால் கோவில்குளத்தில் உயர் தொழில்நுட்ப நிறுவகம், ஏ.டி.ஐ. என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். அதே வீதியில் தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. அது ஆசிரியராக விரும்புவோருக்கு. வர்த்தமானி பார்த்து விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வையும் தாண்டி இடம் கிடைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள். வீடுகளில் குழப்பம் வருவது முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

கோவில்குளம் உயர் தேசிய டிப்ளோமாவுக்கான இடம். 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அமைப்பின் கீழ் நாடெங்கும் இயங்கும் நிறுவகங்களில் இதுவும் ஒன்று. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவை இங்கே பெயர்பெற்ற பாடநெறிகள். உயர்தரச் சித்தி வேண்டும். முழுநேர மாணவருக்குக் கல்விக்கட்டணம் இல்லை. கணக்கியல் நான்கு ஆண்டுகள் ஓடும். ஏறக்குறைய ஒரு பட்டப்படிப்பின் காலம். மருமகளுக்கு, அதாவது தங்கையின் மகளுக்கு, நான் சொன்னது இதைத்தான், தயக்கமே இல்லாமல்.

ஆனால் இரண்டு விடயங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று மொழி. உயர்தரம் வரை தமிழில் 'ஐந்தொகை' என்று எழுதிய பிள்ளை, இங்கே முதல் கிழமையிலிருந்தே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டும். கணக்குப் பிழைத்து விலகுகிறவர்களைவிட மொழிக்குப் பயந்து விலகுகிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். மற்றது, டிப்ளோமாவின் மதிப்பு. கணக்கியல் உயர் டிப்ளோமாவை வர்த்தகமாணி (பி.கொம்.) பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று கேட்டு 2015 ஒக்டோபர் 29 அன்று கொழும்பில் ஊர்வலம் போன மாணவர்கள் பொலிஸாரின் குண்டாந்தடி அடி வாங்கினார்கள். நான்கு ஆண்டு படித்த பிள்ளை தன் சான்றிதழ் எதற்குச் சமம் என்று கேட்டுத் தெருவில் நிற்க வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அரச வேலையை மட்டும் மனதில் வைத்துச் சேர்பவர்கள், தாங்கள் விரும்பும் பதவியின் ஆட்சேர்ப்பு விதியை வாசித்துவிட்டுச் சேர வேண்டும். வங்கி, கணக்காய்வு நிறுவனம், கம்பனிக் கணக்குப் பிரிவு என்று போகிறவர்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

மஞ்சந்தொடுவாய் வேறு உலகம். மின்னிணைப்பு, வெல்டிங், மோட்டார் வாகனம் என்று கையால் செய்து பழகும் படிப்பு. பல பாடநெறிகளுக்குச் சாதாரண தரமே போதும், தமிழிலும் படிக்கலாம். முடித்தால் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை கிடைக்கும். எங்கள் பெற்றோர் பலர் அறியாத ஒன்று இதில் உண்டு. அது ஏழு படிகள் கொண்ட ஏணி. நான்காம் மட்டத்தோடு வேலைக்குப் போகலாம், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். 2008இல் சட்டத்தால் நிறுவப்பட்ட, யுனிவொடெக் எனப்படும் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருப்பதே இந்த ஏணியின் உச்சிக்காகத்தான். உயர்தரம் எழுதாத பிள்ளைக்கும் பட்டம் வரை ஒரு பாதை திறந்திருக்கிறது.

கொழும்புக்கு அனுப்பி, காசு கட்டிப் படிக்க வைப்பதைப் பற்றியும் தங்கை கேட்டாள். என் நண்பர் ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் மகனை ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்த்தார். இரண்டாம் ஆண்டில் கட்டணம் ஏறியது, தங்குமிட வாடகையும் ஏறியது. பையன் பெட்டியோடு ஊர் திரும்பினான். நகை இன்னும் மீளவில்லை. வசதி உள்ளவர்கள் போகட்டும். கடன் பட்டுப் போக வேண்டாம்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, வாவியைக் கடக்கப் 'பாதை' எனப்படும் மிதவைக்காகக் கரையில் காத்து நிற்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் காலை வகுப்பு போனதுதான். இன்று தங்கையின் மகள் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். வாடகை அறை வேண்டாம், கடைச் சாப்பாடு வேண்டாம். பெண்பிள்ளையை வெளியூரில் தங்க வைக்கத் தயங்கும் தகப்பனுக்கும் சாட்டு இல்லை. பெரிய பெயருள்ள தூரத்துக் கல்லூரியைவிட, பஸ்ஸில் போய்வரக்கூடிய அரசாங்கக் கல்லூரி இந்த மண்ணுக்கு அதிகம் செய்கிறது என்று நான் நம்புவது இதனால்தான். படித்த பிள்ளை ஊரிலேயே இருக்கிறாள்.

அம்பாறை மாவட்டத்தார் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. சம்மாந்துறையிலேயே தொழில்நுட்பக் கல்லூரியும் ஏ.டி.ஐ.யும் இருக்கின்றன, கல்முனை, காரைதீவுப் பிள்ளைகளுக்கு அவைதான் கிட்ட. அம்பாறை நகரில் பழைய ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது.

மகள் விடயத்தில் தங்கை உடனே சம்மதித்தாள். மகனுக்கு மஞ்சந்தொடுவாய் என்றதும் குரல் மாறிவிட்டது. "அண்ணா, பிள்ளையை மெக்கானிக் வேலைக்கா அனுப்பச் சொல்கிறீர்கள்?"

கடந்த பெரும்போகத்தில் அவள் வயலுக்குப் பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் பழுதாகி நின்றது. திருத்துகிறவர் பொலன்னறுவையிலிருந்து வர இரண்டு நாள் ஆனது. அதற்குள் மழை இறங்கி, விளைந்த நெல் சேற்றில் சாய்ந்தது. வந்தவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் இவள்தான். அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். இதை நினைவூட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அவனிடமே கேளுங்கள்" என்று தொலைபேசியை மகன் கையில் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு மஞ்சந்தொடுவாய்க்குப் போகிறேன். தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன். மருமகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள கணக்கியல் புத்தகம் ஒன்றும் அகராதி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். வகுப்புத் தொடங்க முன்பே நாளுக்கு இரண்டு பக்கம் அவள் வாசிக்க வேண்டும்.