மூன்று வாளுக்கு ஒரு சின்னக் கத்தி: ஒன் பீஸ் ஆங்கிலப் பதிப்பு, இரண்டாம் தொகுப்பு

ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் காமிக்ஸின் 4, 5, 6 ஆகிய மூன்று பாகங்களையும் ஒரே அட்டைக்குள் போட்ட தடிப் புத்தகம். காரைக்குடியில் தேடி அலுத்து ஆன்லைனில் வாங்கினேன். வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள், ஒரு மூலை மடங்கியே வந்தது. திருப்பி அனுப்பப் பொறுமை இல்லை.

வாங்கியதே ஒரு வாக்குவாதத்தால்தான். கிங் என்ற பெரிய எதிரியையே சாய்த்த பிறகு, மூன்று வாளோடு சண்டை போடும் ஸோரோவும், உலகின் முதல் வாள்வீரன் என்று பெயரெடுத்த மிஹாக்கும் சமம் என்று சித்தப்பா மகன் அடம்பிடிக்கிறான். இதன் அனிமே, அதாவது டிவி கார்ட்டூன் வடிவம், மட்டும் பார்த்த பையன். கானாடுகாத்தான் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்து, பக்கத்தில் சீப்புச் சீடை டப்பாவோடு, "முதல்ல இதைப் படிடா" என்று இருவரும் முதல் முறை மோதும் ஆறாம் பாகத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

முதுகில் அத்தனை பெரிய கறுப்பு வாள் இருக்கும்போது மிஹாக் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சின்னக் கத்தியைத்தான் உருவுகிறான். நம் வீட்டில் எலுமிச்சம்பழம் நறுக்குவோமே, ஏறக்குறைய அந்த அளவு. ஸோரோ மூன்று வாளையும் சேர்த்துப் பாய்கிறான், அந்தக் கத்தியின் நுனி மூன்றையும் ஒரே புள்ளியில் நிறுத்திவிடுகிறது. அனிமேயில் சத்தமும் இசையும் சேர்ந்து இதைச் சண்டையாக்கிவிடும், தாளில் எல்லாம் அசையாமல் நிற்பதால் கை எங்கே, நுனி எங்கே என்று நாமே பார்த்து அளந்துகொள்ளலாம். அப்புறம் கத்தி நெஞ்சில் இறங்கியும் ஸோரோ ஓரடி பின்வாங்கவில்லை, அதைப் பார்த்துத்தான் மிஹாக் பெரிய வாளைத் தொடுகிறான். என்னைக் கேட்டால் ஸோரோ அன்று ஜெயித்தது அந்த ஒன்றைத்தான், கறுப்பு வாளை உருவ வைத்ததை. அடுத்த வீச்சிலேயே இரண்டு வாள் உடைகிறது. மிஞ்சிய வாடோ என்ற வாளை உறையில் போட்டு, கையை விரித்து, முகத்தைக் காட்டி நின்று வெட்டு வாங்குகிறான்.

தம்பி விடவில்லை. "அண்ணே, அது 1997-ல ஆரம்பிச்ச கதை, இப்பப் பாருங்க, மிஹாக் தலைக்கு 359 கோடி, ஸோரோவுக்கு 111 கோடி, மூணு மடங்குதானே!" கதையில் வரும் பணமான பெர்ரிதான், ரூபாய் இல்லை. தலைக்கு வைக்கும் விலை அரசாங்கத்தின் பயத்தைச் சொல்லும், கை பலத்தைச் சொல்லாது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைச் சாமானுக்குச் சொல்லும் விலைக்கும் அதன் எடைக்கும் என்ன சம்பந்தம்? குராய்கானாத் தீவில் இரண்டு வருடம் மிஹாக்கிடமே பாடம் கேட்டவன், வானோ நாட்டில் என்மா என்ற அடங்காத வாளை அடக்கியவன், இடைவெளி குறைந்திருக்கிறது என்பது சரி. ஆனால் பழைய கணக்கு சின்னக் கத்தியிலிருந்து தொடங்கியது, அதை மறந்துவிட்டுச் சமம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. தடிமனால் இரு பக்கப் படங்களின் நடுப்பகுதி முதுகுக்குள் போய்விடுகிறது, அழுத்தி விரித்தால் ஒட்டு விட்டுவிடுமோ என்று பயம். ஸோரோவை 'ஸோலோ' என்று வேறு அச்சடித்திருக்கிறார்கள், நூறு பக்கம் தாண்டியும் பழகவில்லை. குரோ என்ற வில்லன் வரும் கதை முதல் முறை படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும், நான் வேகமாகப் புரட்டிவிட்டேன். கிரீக் என்ற கடற்கொள்ளையனோடு நடக்கும் சண்டையும் பாதியில் நிற்கும், அடுத்த தொகுப்பை வாங்காமல் முடியாது.

ஸோரோ கை விரித்து நிற்கும் பக்கத்தில் இப்போது சீடை எண்ணெய் பட்ட கட்டைவிரல் ரேகை ஒன்று இருக்கிறது, என்னுடையது இல்லை. மூன்றாம் தொகுப்புக்கு ஆர்டர் போட்டாயிற்று, வேறு கடையில்.