சேதாரத்துக்கு ஒரு பத்தி: 90 ரூபாய் கணக்கு நோட்டு, ஏழு மாத அனுபவம்

போன ஜூன் மாதம் சேலம் கடைவீதிப் பக்கம் ஒரு பேப்பர் கடையில் 90 ரூபாய் கொடுத்து வாங்கிய நீள நோட்டு இது. சிவப்புத் துணி பைண்டிங், 192 பக்கம். தேதிக்கு ஒரு கோடு, விவரத்துக்கு அகலமாக ஒரு பத்தி, தொகைக்கு இரண்டு பத்தி. கம்பெனி பெயர் கிடையாது, அட்டையில் லட்சுமி படம் மட்டும். ஒரு நோட்டுக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்பீர்கள். இதற்கு முன் ஐந்து மாதம் வீட்டுச் செலவைக் கவனிக்க ஒரு செயலியை நம்பியிருந்தேன். வருடச் சந்தா 999 ரூபாய். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரியிடம் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எந்தப் பட்டறைக்கு எத்தனை கிராம் போனது, எத்தனை ஜோடியாகத் திரும்பி வந்தது, கூலி எவ்வளவு பாக்கி, எல்லாம் மில்லி சுத்தமாகச் சொல்வேன். சொந்த வீட்டில் இருபதாம் தேதிக்கு மேல் பணம் எங்கே போச்சு என்று கேட்டால் முழிப்பேன். சம்பளம் 28,000. மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து மாதம் ஆறாயிரம் போல சம்பாதிக்கிறாள். அம்மாபேட்டையில் வாடகை வீடு. பையன் ஒன்பதாவது படிக்கிறான். அம்மா கூட இருக்கிறார். இதுதான் மொத்தக் குடும்பம், இதற்குத்தான் அந்தச் செயலி.

செயலியின் பெயர் வேண்டாம். பேங்க்கிலிருந்து வரும் குறுஞ்செய்தியைத் தானே படித்து, தானே வகை பிரித்து, மாதக் கடைசியில் வட்டமாக வண்ணப் படம் போட்டுக் காட்டும். பார்க்க அழகு. ஆனால் எங்கள் ஊரில் பாதிக் கடைக்குப் பலகையே கிடையாது. காய்க்காரம்மா, டீக்கடை, பஞ்சர் கடை எல்லாம் ஒரு ஆளின் பெயரில்தான் பணம் வாங்குகிறார்கள். செயலிக்கு அவர்கள் யாரென்று எப்படித் தெரியும்? அத்தனையையும் 'தனிநபருக்கு அனுப்பியது' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது.

பிப்ரவரி மாதம் அந்த மூட்டையால் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிடுவேன், இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தருவார்கள். வண்டிக்காரர் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை அவர் மகள் பெயரில் இருக்கிறது. செயலி என்ன செய்தது தெரியுமா, 'இந்த மாதம் நீங்கள் அதிக முறை பணம் அனுப்பியவர்' என்று அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒரு இதயப் படத்தையும் வைத்தது. போன் அப்போது மனைவி கையில் இருந்தது. "ஏனுங்க, யாருங்க இது? மாசத்துல பத்தொம்பது தடவ பணம் அனுப்பியிருக்கீங்க?" மறுநாள் அவளையும் வண்டிக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு செட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வழக்கு முடிந்தது. இருபதாவது தடவை.

அதைக்கூடச் சிரித்துவிட்டு விடலாம். எனக்குக் கோபம் வந்தது சீட்டு விஷயத்தில். இருபது பேர், இருபது மாதம், ஐம்பதாயிரம் ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று கட்டுகிறேன். மார்ச்சில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி எடுத்ததில் 41,500 கைக்கு வந்தது. சீட்டை முன்னாலேயே எடுத்தவன் அன்று முதல் கடன்காரன், மீதி மாதமெல்லாம் கட்டித் தீர்க்க வேண்டும். செயலியோ அதை வரவில் சேர்த்து, 'வாழ்த்துகள்! உங்கள் வருமானம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்துள்ளது' என்று பூ தூவியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

மொய்யும் அப்படித்தான். தை மாதம் ஐந்து பத்திரிகை, 5,500 ரூபாய். 'பரிசுப் பொருள்' என்று வகை பிரித்து, இதைக் குறைத்தால் வருடத்துக்கு இவ்வளவு மிச்சம் என்று புத்தி சொன்னது. பையனுக்குக் காது குத்தியபோது வந்த மொய் வீட்டில் நோட்டாக இருக்கிறது. 137 பெயர். அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால் எழுதியதற்கு மேல் கொஞ்சம் வைத்துத் திருப்ப வேண்டும். அது பரிசா? எங்கள் வீட்டிலேயே மிகத் துல்லியமாக எழுதப்பட்ட கடன் பத்திரம் அந்த மொய் நோட்டுதான். இத்தனை வருடம் அதைப் பரணில் போட்டுவிட்டு, பத்திரிகை வரும்போதெல்லாம் திடீர்ச் செலவு என்று அலறிக்கொண்டிருந்தேன்.

நோட்டு வாங்கியதும் பிள்ளையார் சுழி போட்டேன். அடுத்த வேலையாக மொய் நோட்டைப் பரணிலிருந்து இறக்கி, கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளைக் கடைசி நாலு பக்கத்தில் எழுதினேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அந்த இரண்டு மாதமும் மொய்க்காகத் தலைக்கு ஆயிரம் எடுத்து வைத்தால் ஆவணியும் தையும் கழுத்தைப் பிடிக்காது. வட்டப்படம் இதைச் சொல்லித்தரவில்லை.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் செயலி ஒரு மாதம் சிவப்பு காட்டும், மறு மாதம் பச்சை காட்டும். நான் நோட்டின் ஓரத்தில் ஞாயிறுதோறும் மீட்டர் எண்ணை எழுத ஆரம்பித்தேன். காரணம் உண்டு. அப்போது நம் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே 101-லிருந்து 200 வரை இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ஏறிவிடுகிறது. ஒரு முறை 512 வந்தது. பன்னிரண்டு யூனிட்டுக்காகக் கொடுத்த தண்டம் அது. பழி தையல் மெஷின் மோட்டார் மேல் விழுந்தது, மனைவி மூன்று நாள் பேசவில்லை. வாராவாரம் எழுதிப் பார்த்ததில், ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை மாற்றிய வாரத்திலிருந்துதான் எண் இறங்கியது. ரப்பர் 450 ரூபாய். மன்னிப்பு தனி.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

பட்டறைக்கு வெள்ளி கொடுத்தால், திரும்பி வரும் கொலுசின் எடை, துண்டு துக்கடா எடை இரண்டையும் கூட்டி, கொடுத்த எடையிலிருந்து கழிப்போம். மிச்சம் சேதாரம். உருக்கும்போது கொஞ்சம், அராவும்போது கொஞ்சம் போகத்தான் செய்யும். பட்டறையைப் பெருக்கிய தூசியைக்கூடக் குப்பையில் கொட்டமாட்டார்கள், அதிலும் வெள்ளி இருக்கும். அப்படியும் போவது போகும். ஒரு அளவு வரை முதலாளி வாயைத் திறக்கமாட்டார். அளவு தாண்டினால்தான் ஆளைக் கூப்பிடுவார்.

நோட்டில் தொகைக்கு இரண்டு பத்தி இருந்ததால் இரண்டாவதற்குச் சேதாரம் என்று பெயர் வைத்தேன். சம்பளம் ஏழாம் தேதி வருவதால் மாதமும் ஏழாம் தேதிதான் பிறக்கும். அன்று கையிருப்பு, பேங்க் இருப்பு இரண்டையும் எழுதுவேன். அதோடு வரவைக் கூட்டி, எழுதிய செலவைக் கழித்தால் ஒரு தொகை வரும். உண்மையில் கையில் இருப்பது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்தத் துண்டு விழுந்த தொகை சேதாரம்.

முதல் மாதம் 4,310. எனக்கே வெட்கமாக இருந்தது. பேங்க் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், நூறு ரூபாய்க்குக் கீழே 71 தடவை தட்டியிருக்கிறேன், மொத்தம் 2,940. தட்டுவடை செட் மட்டும் 22. மீதி 1,370 இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. போகட்டும் என்று விட்டேன். அதிலிருந்துதான் அளவு வைத்தேன்: மாதம் 1,200 வரை நானும் கேட்கமாட்டேன், அவளும் கேட்கமாட்டாள். அதற்குமேல் போனால் இரண்டு பேரும் உட்கார்ந்து தூசியைச் சலிப்போம். ஜூலையில் 2,950. ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனைக் கும்பிட வந்த சொந்தபந்தம் ஒரு வாரம் தங்கியதில் எழுதவே நேரமில்லை, 3,700. நவம்பரில் 1,480. டிசம்பரில் 1,150, முதல்முறையாக அளவுக்குள்.

கடைசிக் காசு வரை எழுதுகிறேன் என்று இதற்கு முன் மூன்று நோட்டு ஆரம்பித்து மூன்றையும் பத்தாம் பக்கத்தில் விட்டவன் நான். ஒரு நாள் எழுத மறந்தால் கணக்கு உடைந்துவிடும், உடைந்ததைத் தொட மனசு வராது. மறந்ததைப் போட ஒரு பத்தி இருந்ததால்தான் இந்த நோட்டு டிசம்பர் வரை வந்தது.

குறைகள் இல்லாமலில்லை. தாள் மெல்லிசு, ஜெல் பேனாவில் எழுதினால் மறுபக்கம் தெரிகிறது. ஐந்தாவது மாதமே நடுத்தாள் கழன்றது, மனைவி மெஷினில் வைத்து ஒரு தையல் போட்டுக் கொடுத்தாள். 88-ஆம் பக்கத்தில் ரசம். மாதக் கூட்டல் போட முக்கால் மணி நேரம் ஆகிறது. கேஸ் எப்போது வாங்கினோம் என்று பார்க்கப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், இந்த ஒரு விஷயத்தில் செயலியை மனசு தேடுகிறது. இன்னொன்று, டிவி மேஜையில் கிடப்பதால் வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள். தன் மருந்துச் செலவைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டார். அதிலிருந்து மருந்தை மளிகையோடு சேர்த்து எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை செய்யக்கூடாத வேலை, செய்கிறேன்.

பையனும் படிக்கிறான். நவம்பரில் ஒரு நாள் என் கையெழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி: 'டியூசன் முடிஞ்சு பரோட்டா 40. அப்பா சட்டைப் பையிலிருந்து.' சேதாரப் பத்தியில் எழுதியிருந்தான்.

வாங்குவதாக இருந்தால் கடையில் நின்றே நடுப்பக்கத்தைத் திறந்து நூல் தையல் இருக்கிறதா என்று பாருங்கள், பசை மட்டும் போட்டது வேண்டாம். தொகைக்கு இரண்டு பத்தி கட்டாயம். எனக்கு இன்னும் 31 பக்கம் பாக்கி. தை பிறந்துவிட்டது, பத்திரிகை நாலு வந்தாயிற்று, அதில் மூன்று கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்த வீடுகள்.