கோணாத டிஸ்க்குக்கு இரண்டு தடவை காசு கொடுத்தேன்

கம்பத்தில் தக்காளியும் முட்டைக்கோஸும் ஏற்றி, லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறி, வண்டிப்பெரியார், பீர்மேடு, குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயத்தில் இறக்குவது என் பிழைப்பு. ஒன்றரை டன் பிக்கப். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். நாலு வருசத்தில் 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குமுளி ஏற்றத்தில் இன்ஜினுக்குத்தான் மூச்சு வாங்கும். பிரேக்குக்கு வேலை குட்டிக்கானத்துக்குக் கீழே. முழு லோடோடு இறங்குகிற மலை அது.

30,000 ஓடியபோதுதான் முதலில் தெரிந்தது. அறுபதில் வந்து பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறும், பெடல் உள்ளங்காலைத் திருப்பி அடிக்கும். (ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட்டு மட்டும் அதிர்ந்தால் பின் டிரம்மைப் பாருங்கள்.) ஊர்ப் பட்டறையில், "டிஸ்க்கு கோணிருச்சுண்ணே" என்று லேத்துக்கு அனுப்பி முகம் சீவி மாட்டினார்கள். ஐயாயிரம் கிலோமீட்டர் நிம்மதி, பிறகு அதே உதறல். அடுத்து புது டிஸ்க், அதை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிரேக் பேடும் புதுசு. அது எட்டாயிரம் தாங்கியது.

மூன்றாவது தடவை முண்டக்கயத்தில் லோடு இறக்கிய கையோடு, பக்கத்துப் பட்டறை ஆசானிடம் வண்டியை விட்டேன். டிஸ்க் கோணிவிட்டது என்றேன். "யாரு அளந்தது?" என்று கேட்டார். யாரும் அளக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

ஜாக்கி போட்டு வீலை மேலும் கீழும் ஆட்டி பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பேரிங் ஆடினால் அளவே பொய்யாகிவிடும். பிறகு டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜைக் காந்தத்தில் ஒட்டி, முனையை டிஸ்க் முகத்தில் வைத்து மெதுவாகச் சுற்றினார். முள் பதினாலு கோடு ஆடியது, அதாவது 0.14 மில்லிமீட்டர். பல வண்டிகளுக்கு 0.10 தாண்டக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி, அது ஹப்பில், அதாவது வீல் மாட்டும் நடுப்பகுதியில், உட்காரும் முகத்தைக் காட்டினார். ஓரமாக விரல் நகம் அளவுக்குத் துரு பொருக்குக் கட்டியிருந்தது. உப்புத்தாளில் தேய்த்து எடுத்துவிட்டு அதே டிஸ்க்கைத் திரும்ப மாட்டினார். முள் நாலு கோட்டில் நின்றது.

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. துருவின் மேல் உட்கார்ந்த டிஸ்க் சாய்ந்து சுற்றும். பிரேக் போடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் லேசாக உரசும். அந்த இடம் மட்டும் தேய்ந்து, டிஸ்க்கில் இடத்துக்கு இடம் தடிமன் மாறும். காலில் அடிப்பது அந்த தடிமன் வித்தியாசம்தான். தேய்மானம் சேர நாளாகும் என்பதால் சீவினாலும் புதுசு மாட்டினாலும் சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடி ஏமாற்றுகிறது. மைக்ரோமீட்டரில் எட்டு இடம் பார்த்து, குறைந்தபட்ச தடிமனுக்கு மேலே இருந்ததால் லேசாகச் சீவி அதையே போட்டார். அந்தக் குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சீவும் முன் பாருங்கள்.

பேடை அழுத்தும் இடது காலிப்பர் நகர்வதற்கான கீழ்ப் பின்னும் இறுகியிருந்தது. பேடு முழுசாக விலகாமல் தொட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது. இப்போது வருசத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் பின்னைக் கழற்றி, சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் வைத்து மாட்டுகிறேன். பிரேக் ஆயிலும் இரண்டு வருசத்துக்கு ஒரு முறை. புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும்.

எனக்கு உறைத்தது வேறு. கூடுதல் லோடுக்காக வாங்கிய புதிதிலேயே பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்திருந்தேன். இந்த வழியில் பாதிப் பேர் செய்வதுதான். பின் ஆக்சிலோடு ஒரு கம்பியில் இணைந்த வால்வு, வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை சேர்ந்ததும் லோடிலும் வண்டி தாழவில்லை. வால்வு காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிட்டது. ஒன்றரை டன்னையும் முன் டிஸ்க் இரண்டும் சுமந்து இறங்கியிருக்கின்றன. பட்டையைக் கழற்றச் சொன்னார் ஆசான். கழற்றினேன்.

ஓட்டுவதிலும் தப்பு இருந்தது. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று அப்பா சொன்னதை, டீசலை மிச்சம் பிடிக்கும் ஆசையில் மறந்திருந்தேன். வளஞ்ஞங்கானம் அருவியில் நிறுத்திப் புகையும் வீலில் கிளீனர் பையனை விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். சூடேறிய வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம் என்பது அப்போது தெரியாது. இப்போது இரண்டாம் கியர், விட்டு விட்டு மிதிப்பது, நின்ற பிறகு சூட்டோடு பெடலை அழுத்திப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக் போட்டு வீலுக்கு அண்டக்கல் வைப்பது. அழுத்தியே நின்றால் பேடின் அச்சு அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த டிஸ்க் 95,000 வரை வந்து, தடிமன் முடிந்துதான் மாறியது. புதுசு மாட்டும்போது ஹப் முகத்தை நானே தேய்த்தேன். போன வாரம் அளந்ததில் முள் ஐந்து கோடு. பட்டை கழற்றியதில் நடைக்கு நாலைந்து பெட்டி குறைகிறது. மண்டிக்காரர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சீட்டு எழுதித் தருகிறார்.