டோமா, ஸ்டிக் டென்டா, ஹேமாக்கா? பரண்ல கெடச்ச பதில்

இமாச்சல்ல ஹம்ப்டா பாஸ் ட்ரெக் கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பரண்லேந்து பழைய டோம் டென்ட்டை (வளைஞ்ச கம்பில தானா நிக்குமே, அது) இறக்கி மொட்டை மாடில விரிக்கப் பாத்தேன், விரியவே மாட்டேங்குது. மேல்துணி உள்பக்கம் பூரா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு, இழுத்தா வெயில்ல கருகின தோல் மாதிரி சவ்வு சவ்வா உரியுது, கூடவே ஒரு புளிச்ச வாடை. மொத்தமே ஆறு ராத்திரிதான் அதுல படுத்திருக்கேன்! கிழியல, கம்பி உடையல, சும்மா சென்னை வீட்டுப் பரண்ல இருந்தே செத்துப்போச்சு.

அதுக்கப்புறம்தான் மூணையும் வச்சுப் பாத்தேன்: மறுபடியும் டோம், இல்ல ட்ரெக்கிங் ஸ்டிக்கையே கம்பமா நட்டு நிறுத்துற டென்ட், இல்லன்னா ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுற ஹேமாக்கும், மழைக்கு மேல கட்டுற ஒரு டார்ப் ஷீட்டும். வாங்கினது ரெண்டாவது, அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதுவேன்.

எடை எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பட்ஜெட் டோம் ரெண்டு பேருக்குன்னா 2.5 கிலோ பக்கம் வரும், ஸ்டிக் டென்ட் 1 கிலோவை ஒட்டி. ஹேமாக்னா லைட்டுன்னு நெனச்சுடாதீங்க, கொசுவலை டார்ப் கயிறு எல்லாம் சேத்தா அதுவும் கிலோவைத் தாண்டிடும்.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது கோட்டிங்தான். விலை கம்மியான டென்ட் பெரும்பாலும் பாலியூரிதேன் கோட்டிங், அதாவது பியூ. தண்ணி உள்ள வராம தடுக்குறதே அந்த சவ்வுதான், ஆனா காத்துல இருக்கற ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சுடும், சூடும் சேந்தா இன்னும் வேகம். நம்ம பரண்ல ரெண்டுமே இருக்கு, மேல வெயில்ல காயுற கான்க்ரீட், சுத்தி கடல் காத்து. நான் போதாக்குறைக்கு ஊர்லேந்து வந்த அலுப்புல நல்லா காயவைக்காமயே உறைல திணிச்சு வச்சிருந்தேன். நான் வாங்கின ஸ்டிக் டென்ட் மாதிரி ரெண்டு பக்கமும் சிலிகான் போட்ட துணிக்கு இந்த வியாதி கெடையாது, அதே எடைல கிழியாம தாங்குறதும் ஜாஸ்தி.

ஆனா சிலிகான் மேல தையலை அடைக்கற சாதாரண டேப் ஒட்டாது, அதனால இந்த மாதிரி டென்ட் நெறைய, தையல் அடைக்காமலேயே வரும், நாமதான் சீல் பண்ணனும். ஹார்டுவேர் கடைல கெடைக்கிற க்ளியர் சிலிகானை மினரல் டர்பன்டைன்ல இளக்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால தையல் மேல தடவினேன், காத்தோட்டமா மாடிலயே செஞ்சேன் ஏன்னா வாடை தலையைச் சுத்தும். ஒரு நாள் காயவிட்டு, ஒட்டிக்காம இருக்க மேல முகப்பவுடர் தூவிட்டேன். மிச்சமானதை உள்ள தரைல பொட்டு பொட்டா வச்சேன், அந்தத் துணில வழுக்குற வழுக்கலுக்கு இல்லன்னா படுக்குற மேட்டோட சறுக்கி காலைல வாசல்ல கெடப்போம்.

சரி, ட்ரெக்ல எப்படி? மணாலி பக்கம் ஜோப்ரா, சிக்கா வரைக்கும் புல்தரை, ஆணி சுகமா இறங்குச்சு. பாலு கா கேரால ராத்திரி மழை. நைலான் நனைஞ்சா தொய்யும், ஒரு மணிக்கு எந்திரிச்சு ஜாக்கெட்டை மாட்டிட்டு கயிறெல்லாம் இழுத்துக் கட்டவேண்டியிருந்துச்சு. ஒரே அடுக்குத் துணி இருக்கற ஒத்தைச் சுவர் டென்ட் வேற, மூச்சுக்காத்தே உள்பக்கம் முத்து முத்தா கோத்து, திரும்பும்போதெல்லாம் ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டை நனைச்சுடுச்சு. இந்த விஷயத்துல டோம்தான் ஜெயிக்கும், உள்ள தனி வலை இருக்கறதால சொட்டு நம்ம மேல படாது.

4,270 மீட்டர் பாஸைத் தாண்டி லாஹுல் பக்கம் இறங்கினா ஊரே வேற, காஞ்ச மலையும் கல்லும்தான். ஷியா கோரு ஆத்தங்கரைல ஆணி ரெண்டு விரக்கடைக்கு மேல இறங்கல, கடைசில கயித்தைப் பெரிய கல்லுல சுத்தி அது மேல இன்னொரு கல்லை ஏத்தி நிறுத்த அரை மணி ஆச்சு. பக்கத்துல டோம் வச்சிருந்த பையன் அஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டு டீ குடிச்சிட்டிருந்தான். கடுப்பாத்தான் இருந்துச்சு.

ஹேமாக் நான் ரெண்டே ராத்திரிதான் படுத்தேன், அதுவும் கூர்க்ல ஒரு எஸ்டேட்ல, அதனால பெருசா தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஈரத்தரை, அட்டை பயம் இல்லாம தூங்கினது சொகம். ஆனா முதுகுக்குக் கீழ காத்து போய்க்கிட்டே இருக்கும், அடில மேட்டோ, குளிருக்குக் கட்டுற குயில்ட்டோ இல்லாம மலைல நடுங்கணும், மரமே இல்லாத ஷியா கோருல அதை எங்க கட்ட? பனில மூணுல எதையும் நான் போட்டுப் பாக்கல.

உங்க வீடு மதுரை மாதிரி வறண்ட ஊர்ல இருந்து, வந்ததும் துணியைக் காயப்போடுற பொறுமையும் இருந்தா டோமே போதும், காசும் மிச்சம். என் புதுசு இப்ப பீரோ கதவுக்குப் பின்னாடி ஹேங்கர்ல தொங்குது, புடவை வைக்க இடமில்லன்னு வீட்ல தினம் ஒரு பேச்சு.